வெக்ஸ்போர்ட் மண்டபத்து ஒரு நிமிடம்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில் போராட்டகால மரபுக் கழகத்தின் மண்டபத்தில் 2017ஆம் ஆண்டு ஒக்ரோபரில் தொடங்கிய ஒரு நிமிட மௌன அகவணக்கம் இன்னும் முடியவில்லை. உள்ளே யார் கதைக்க வாய் திறந்தாலும் சத்தம் வராது. சட்டி விழுந்தாலும் வராது. வாசலைத் தாண்டிக் கார் தரிப்பிடத்துக்கு வந்தால் செருமுவதுகூடக் கேட்கும். கழக நிர்வாகம் ஒலிபெருக்கிக்காரன்மேல் பழியைப் போட்டது. அது பச்சைப் பொய். காரணம், ஒரு புகைப்படத்தில் அவர்கள் பார்த்த வேலை.

எண்பதுகளில் இயக்கத்துக்குப் போய் இறந்த பிள்ளைகளின் படங்களைக் கழகத் தொண்டர்கள் ஆண்டுதோறும் பெருப்பித்து, சட்டம் போட்டு, வரிசையாக வைப்பார்கள். அந்தப் படங்களுக்கு மாலை கட்டுவது, மேசைத்துணியை அயன் பண்ணுவது, வந்தவர்களுக்கு றோல்ஸ் பொரிப்பது, கடைசியில் கூட்டித் துடைப்பது எல்லாம் ஜெயமலர்தான். டோர்செட் பார்க் அடுக்குமாடியிலிருந்து பஸ் பிடித்து வருவார். அவருடைய அண்ணன் பேனாட்டும் இயக்கத்துக்குப் போனவன்தான். ஆனால் போனது வேறு இயக்கம். எண்பத்தாறில் அவனைச் சுட்டது ஆமிக்காரன் இல்லை, எங்கள் பெடியள், கழகம் படம் வைத்துக் கும்பிடுகிற இயக்கத்துப் பெடியள். செத்தவீடு கொண்டாடக்கூட விடவில்லை. தாய் தலையணைக்குள் வாயை அழுத்திக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை வெளியில் ஒருத்தரும் சொன்னதில்லை. ஒரேயொருமுறை, நாலு பேர் முன்னால், அந்தப் பெயரைச் சொல்லக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் ஜெயமலரின் ஆசை. பெரிய ஆசையா இது?

2017இல் கழகத் தலைவர் இராஜரட்ணம் பழைய படங்கள் இருந்தால் தரச் சொன்னார். ஜெயமலர் தன்னிடமிருந்த ஒரே படத்தைக் கொடுத்தார். பேனாட்டும் கூட்டாளி இக்னேசியசும் தோளில் கைபோட்டு நிற்கிற படம். இக்னேசியஸ் கழகத்துக்கு உவப்பான இயக்கத்தில் இருந்து இறந்தவன். நினைவு நாளன்று பார்த்தால், ஜெயமலர் கட்டிய மாலையோடு இக்னேசியஸ் தனியே நிற்கிறான். பேனாட்டை வெட்டி எறிந்துவிட்டார்கள். அதையாவது ஒழுங்காகச் செய்தார்களா? இக்னேசியசின் தோளில் பேனாட்டின் கை அப்படியே கிடந்தது. அது யாருடைய கை என்று கேட்க அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சீ, இதுவும் ஒரு மரபுக் கழகமா!

"அண்ணை, இது என்ர அண்ணன்ர கை," என்றார் ஜெயமலர் இராஜரட்ணத்திடம்.

"தெரியும் தங்கச்சி. அவர் மற்ற இயக்கமெல்லே. அவரைப் போட்டா சனம் எழும்பிப் போயிடும். உந்தக் கதையை விட்டிட்டு நீர் போய் றோல்ஸைப் பாரும்."

ஜெயமலர் போகவில்லை. அந்தப் படத்தின் முன்னால் நின்றார். இராஜரட்ணம் அகவணக்கத்தை அறிவித்தார், எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். நிமிடம் முடிந்து "அனைவரும் அமரலாம்" என்று சொல்ல அவர் வாயைத் திறந்தபோது காற்றுத்தான் வந்தது.

மைக்கை மாற்றினார்கள், வயரை மாற்றினார்கள். ஐயரைக் கூப்பிட்டுத் தேங்காய் உடைத்தார்கள். தேங்காயும் சத்தமில்லாமல் உடைந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சண்டை பிடிக்க வழியில்லாமல், உறைபனிக்குள் கார் தரிப்பிடத்தில் நின்று கையுறையோடு கையை நீட்டி நீட்டி ஏசினார்கள், கழகம் வழக்கம்போல இரண்டாகப் பிரிந்தது. கொவிட் காலத்தில் எல்லா மண்டபமும் அப்படியே கிடந்ததால் நிர்வாகத்துக்குக் கொஞ்சம் ஆறுதல். ஜெயமலர் மட்டும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து வெளியில் நின்று ஒன்றையே சொன்னார்: "உள்ளுக்கை போய் அவன்ர பேரைச் சொல்லுங்கோ. நான் இல்லை, நீங்கள் சொல்லவேணும்." இராஜரட்ணம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை.

சென்ற வருடம் நினைவு நாளுக்கு ஆள் வருவதே நின்றுவிடும்போல இருந்ததால் அவர் இறங்கி வந்தார். மனம் திருந்தினார் என்று நினைக்க வேண்டாம், மண்டபம் வேண்டுமே! வேடிக்கை பார்க்கவென்று சனம் நிறைந்தது. அவர் மேடையேறி, வேண்டாவெறுப்பாக, "பேனாட்" என்றார். கேட்டது. கடைசி வரிசைவரைக்கும் தெளிவாகக் கேட்டது. ஜெயமலர் நிலத்தில் குந்தி, வாயைப் பொத்தாமல், சத்தமேயில்லாமல் அழுதார். இராஜரட்ணம் அவசரமாக "அமரலாம்" என்றார். அது கேட்கவில்லை.

அப்போது ரெக்ஸ்டேலிலிருந்து வந்திருந்த பஸ்ரியன் என்ற லொறிச் சாரதி எழுந்து, துரோகி என்று மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்ட தன் தகப்பனின் பெயரைச் சொன்னார். அதுவும் கேட்டது. பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். இத்தனை பேரையா இவ்வளவு காலமும் வெட்டி வைத்திருந்தோம்! வரிசையில் கைப்பையை அணைத்துக்கொண்டு இராஜரட்ணத்தின் மனைவி துர்க்காவும் நின்றார். தன் முறை வந்ததும் "தயாபரன்" என்றார். அது அவருடைய தம்பி. அந்தப் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்று கலியாணமான புதிதிலேயே சொல்லி வைத்தவர் இராஜரட்ணம்தான்.

இப்போது ஞாயிறுகளில் மண்டபம் திறந்திருக்கிறது. சனம் வந்து, பெயரைச் சொல்லிவிட்டு, வேறு பேச்சு உள்ளே இன்னும் கேட்காததால், பார்க்கிங் கிடைக்காததைப் பற்றி வெளியில் நின்று குறைப்பட்டுக்கொண்டு போகிறது. துர்க்காவைக் காரில் கூட்டிவருகிற இராஜரட்ணம் உள்ளே வருவதில்லை. தயாபரன் என்ற பெயர் கார் தரிப்பிடம்வரைக்கும் கேட்கிறது. முதல் கிழமை அவர் கார்க் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், அப்போதும் கேட்டது. இப்போது இறக்கியே வைத்திருக்கிறார்.