பூட்டிய கார்டில் கோமளவல்லி

அலுவலக போன்களின் மெமரி கார்டுகளுக்குப் பூட்டுப் போட்ட அன்றிலிருந்து, உத்திராபதியின் மனைவி கோமளவல்லி பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை. மன்னார்குடியில் ஒரு பயிர்க் காப்பீட்டு அலுவலகத்தில் உத்திராபதிக்கு வேலை. வெள்ளத்தில் முங்கிய வயல்களைப் படமெடுக்கத் தந்த போனில், மச்சான் கல்யாணத்தில் மனைவியையும் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். கார்டைப் பூட்டினால் அதில் உள்ளதெல்லாம் சேர்ந்துதானே பூட்டிக்கொள்ளும். வயலில் நிற்பது நெல்லா கோரையா என்று சொந்தக்காரருக்கே தெரியவில்லை. கோமளவல்லி வாயைத் திறந்தால் "றஃ4ங்ஔ பூ9ள்" என்று வந்தது.

உத்திராபதி போனைக் கையில் பிடித்து ரகசிய எண்ணை அழுத்தினால் மட்டும் அவருக்குப் புரியும். "ரசத்துல உப்பு பத்தலைன்னா வாயத் தொறந்து சொல்லுங்களேன்" என்பாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் எது சொன்னாலும் 'ம்' கொட்டியே காலத்தை ஓட்டிய மனுஷன் அவர். இப்போது மெனக்கெட்டு எண்ணை அழுத்திக் காது கொடுக்க வேண்டியதாயிற்று. கொடுத்தால், அடடா, என்ன பேச்சு! அவருடைய சித்தப்பா பந்தியில் இடம் பிடிப்பதை அவள் வர்ணித்ததில் அவருக்குச் சோறு புரையேறியது. இத்தனை காலம் கோட்டை விட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து, வெள்ளிக்கிழமை பழைய போன்களை வாங்கி அழிக்கப்போவதாக மேலாளர் ஜெசிந்தா சொன்னார்.

"கார்டைப் புது போன்ல போட்டுக்கலாமா மேடம்?"

"கார்டு உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா பூட்டுன போன்லதான் திறக்கும். அதுக்குத்தானே பூட்டுறோம்."

"அப்ப எங்க வீட்ல பேசுறது எனக்கும் புரியாதா?"

"ஆபீஸ் போன்ல வீட்டு ஆளுங்கள எடுக்காதீங்கன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"அந்தப் படத்தை மட்டும் அழிச்சிட்டா?"

"அழிச்சா அழிஞ்சிரும்."

அழிவது படமா ஆளா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கோமளவல்லி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாளையிலிருந்து இவள் பேச்சு நமக்கும் இல்லை என்று நினைத்த உத்திராபதி எழுந்தார். போனை எடுத்தார். அவள் தோளை ஒட்டி நின்று, இருவரும் விழும்படி ஒரு செல்ஃபி எடுத்தார். படம் கார்டில் ஏறியது. போனை பீரோவில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"காலர் மடங்கியிருக்குங்க. எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் கோமளவல்லி. ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

வெள்ளிக்கிழமை போனை நீட்டி, "வணக்கம் மேடம்" என்றார். ஜெசிந்தாவின் காதில் "ஞ7ஃழௌ 2ம்" என்று விழுந்திருக்க வேண்டும், திரும்பித் தன் கணவரைப் பார்த்தார். அவருடைய கணவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வெண்பாவின் இலக்கணத்தைக் காலையிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா உத்திராபதியின் போனைத் தூக்கி, "இங்க பாருங்க" என்று அவரைத் தனியாக ஒரு படம் எடுத்தார். பின்னாலிருந்த அலமாரிக் கண்ணாடியில் தன் உருவமும் விழுந்துவிடவில்லையே என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டார். பிறகு கார்டைக் கழற்றி உத்திராபதியிடம் கொடுத்தார்.

"தம்பி, இங்க காபி எங்க நல்லாருக்கும்?" என்றார் ஆசிரியர்.

"பந்தலடி கடைக்குப் போகலாம் வாங்க சார்" என்றார் உத்திராபதி.

கேட்டது புரியாமல் கடைக்காரர் முழித்ததும், விரலைக் காட்டி இரண்டு காபி வாங்கிக்கொண்டார்கள்.