செங்கடலுக்கு நேர்ப்பொருள்

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் யேசுரட்ணம் வேதவசனத்துக்கு நேர்ப்பொருள் மட்டும் சொன்னால், சொன்னது நடந்துவிடும். 1985இல் நோவாவின் பெட்டகத்தைப் பற்றிப் பிரசங்கித்தபோது, தமிழர்கள் செபத்துக்கு இரவல் வாங்கிய மண்டபத்தில் முழங்கால்வரை தண்ணீர் ஏறியது. அவர் யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் குருமடத்தில் படித்துவிட்டு, இங்கே துணித் தொழிற்சாலையில் வேலை செய்பவர். ஆதித் திருச்சபைப் பிதாக்கள் ஒவ்வொரு வசனத்துக்கு அடியிலும் இன்னொரு பொருள் கண்டது நினைவுக்கு வர, பெட்டகம் என்பது திருச்சபை, வெள்ளம் என்பது ஞானஸ்நானம் என்றார். தண்ணீர் உடனே வடிந்தது. பிதாக்கள் எதற்காக அவ்வளவு உட்பொருள் எழுதினார்கள் என்பது அன்று சபைக்கு விளங்கியது.

1986 ஒக்டோபரில் டென்மார்க்கின் அடைக்கலச் சட்டம் மாறியது. அதே சபையிலிருந்த மேரிசெலினின் கணவர் அந்தோனிதாசன் கிழக்கு ஜெர்மனித் துறைமுகமான வார்னமுண்டேயில் நின்றார். விசா இல்லாதவரை டென்மார்க் போகும் கப்பலில் ஏற்றவில்லை. திங்கட்கிழமை கொழும்புக்குத் திருப்பி அனுப்புவார்கள். மேரிசெலின் யேசுரட்ணத்திடம் போனாள்.

"அண்ணை, ஞாயிறு மோசே செங்கடலைப் பிரிச்ச வசனத்தை வாசியுங்கோ. உட்பொருள் ஒண்டும் வேண்டாம்."

"எவ்வளவு தூரம், பிள்ளை?"

"நாப்பத்தைஞ்சு கிலோமீற்றர் இருக்கும்."

"நடக்க ஒன்பது மணித்தியாலம். ஒன்பது மணித்தியாலப் பிரசங்கமோ?"

"நீங்கள் சும்மா நாளிலேயே ரெண்டு மணித்தியாலம் கதைக்கிறனீங்கள்தானே."

பிறகு கணவருக்குத் தொலைபேசி எடுத்து, "இஞ்சேருங்கோ, ஞாயிறு விடிய ஆறு மணிக்குக் கடற்கரையிலை நில்லுங்கோ" என்றாள்.

யேசுரட்ணம் ஆறு மணிக்குத் தொடங்கினார். சேறு, பாசி, மணல்மேடு, துள்ளும் மீன் தவிர எதையும் பேசவில்லை. பால்டிக் கடல் இரண்டாகப் பிரிந்து நின்றது. தண்ணீர்ச் சுவரோரம் காத்துநின்ற கப்பலில் பயணிகளுக்கு இலவசக் கோப்பி கொடுத்ததாக வானொலி சொன்னது. எட்டாவது மணித்தியாலத்தில் பழக்கம் அவரை இழுத்தது.

"இந்தத் தண்ணீர் எதைக் குறிக்கிறது என்றால்..."

மேரிசெலின் எழும்பிவிட்டாள். "அண்ணை, அந்த மனுசனுக்கு நீந்தத் தெரியாது!"

"தண்ணீர் தண்ணீரையே குறிக்கிறது" என்று யேசுரட்ணம் முடித்தார்.

மூன்று மணிக்கு அந்தோனிதாசன் டென்மார்க் கரையில் ஏறி அடைக்கலம் கேட்டார். பொலிஸ் படிவத்தில் கப்பல், ரயில், விமானம் என்று கட்டங்கள் இருந்தன. அதிகாரி 'வேறு' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டார்.

அடுத்த ஞாயிறு யேசுரட்ணம் அடக்கிவைத்திருந்த உட்பொருளையெல்லாம் கொட்டினார். கடல் ஞானஸ்நானம், பார்வோன் சாத்தான், காய்ந்த தரை விசுவாசம். காலில் கட்டோடு முன்வரிசையில் இருந்த அந்தோனிதாசன் கையை உயர்த்தினார்.

"எல்லாம் சரி அண்ணை. பரிசுத்த இடமெண்டு நான் செருப்பைக் கழட்டிப்போட்டெல்லோ நடந்தனான். காலை வெட்டின மட்டிச்சிப்பி எதைக் குறிக்குது?"

பிதாக்கள் யாரும் உதவிக்கு வரவில்லை.

"மட்டியைத்தான்" என்றார் யேசுரட்ணம்.

மண்டபத்தின் தரை முழுக்க மட்டி. மேரிசெலின் வாளி எடுத்துவரப் போனாள்.