இருபத்தேழாம் படிவம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாம் மாடி நடைவழியில், எந்தத் தாயும் பெறாத நாற்பத்துமூன்று பேர் வந்து சுவரோரமாக வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் இருபது, பெண்கள் இருபத்துமூன்று. லிஃப்ட் பழுது என்பதால் படியேறித்தான் வந்தார்கள். ஆனாலும் ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை. அவர்களுடைய படிவங்களில் உடல்நலம் என்ற இடத்தில் ஒட்டுமொத்தமாகப் ‘பரவாயில்லை’ என்று எழுதியிருந்தது. கீழே வாசலிலேயே காவலாளி வருகைப் பதிவேட்டை நீட்டி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். முதலில் இருந்த ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அதாவது வந்து... எங்களப் பத்தி எழுதினாரே, அந்த சார” என்றார். பெயர் எழுதும் இடத்தில் எல்லோரும் ஆளுக்கொரு எண்ணை எழுதினார்கள். இருபது வருடமாக விஞ்ஞானிகளுக்குக் கதவு திறந்துவிடுகிற காவலாளி, இதற்கெல்லாம் புருவம் தூக்குகிற ஆள் இல்லை.

அந்த சாருக்கு நிலையத்தில் ‘சராசரி’ என்று பெயர். உயரம் சராசரி, எடை சராசரி, பேச்சில் மூன்றாவது வாக்கியமும் சராசரி. அந்தக் கட்டடம் ஒரு பலசரக்குக் கடை மாதிரி. கீழே மண்ணும் மீனும், நடுவில் பூச்சியும் செடியும், மேலே மொழியும் பொருளாதாரமும் மனிதர்களும். எல்லாத் துறைக்கும் சேர்த்து ஒரே ஆய்விதழ். மண்புழுவும் திருமணப் பொருத்தமும் அடுத்தடுத்த பக்கங்களில் அச்சாகும். அதில் வந்தவற்றிலேயே அதிகம் பேரால் மேற்கோள் காட்டப்பட்டது சராசரியின் கட்டுரைதான்: தண்ணீருக்கு வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், அந்த வீட்டில் எத்தனை குழந்தை பிழைத்துத் தங்குகிறது என்பதைப் பற்றி, முந்நூறு வீடுகளில் கேட்டு எழுதியது.

முந்நூறில் இருநூற்றைம்பத்தேழு வீடுகளுக்கு அவர் நடந்தே போனார். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. கடைசிக் குடியிருப்பு மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஜீப்பின் அச்சு முறிந்தது, மழை பிடித்துக்கொண்டது, அறிக்கை கொடுக்க ஒன்பது நாள்தான் பாக்கி. விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டே மதியங்களில் நாற்பத்துமூன்று படிவங்களையும் அவரே நிரப்பினார். வேலையில் நேர்த்தி இருந்தது, அதை மறுக்க முடியாது. மூன்று பேனா வைத்துக்கொண்டார். கிராமத்து ஆட்கள் வயதை ஐந்திலும் பத்திலும்தான் சொல்வார்கள் என்று தெரிந்து முப்பத்தைந்து, நாற்பது என்று போட்டார். ஏழு படிவங்களைக் கசக்கி நீவினார், இரண்டில் டீயைச் சிந்தினார். எல்லாம் முடிந்து கூட்டிப் பார்த்தால், தொடர்பு உண்டு என்று அடித்துச் சொல்லத் தேவையான எல்லைக்கு இறந்த குழந்தை ஒன்றே ஒன்று குறைந்தது. இன்னொரு டீ சொல்லிக் குடித்தார். பிறகு கைக்கு எட்டிய படிவத்தை எடுத்தார், அது இருபத்தேழு. உயிருடன் உள்ள குழந்தைகள் நான்கு என்பதை மூன்றாக்கினார். இறந்தவை என்ற இடத்தில் இருந்த பூஜ்யத்தின் மேல் செங்குத்தாக ஒரு கோடு இழுத்தார். தராசுத் தட்டில் சுண்டுவிரல் பட்ட அளவுதான். திருத்தம் செய்தால் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிலையத்தின் விதி. அதை மட்டும் மறந்தார்.

படிவங்களைக் கணினியில் ஏற்றியது அவருடைய மனைவி. நிலையத்திலேயே புள்ளிவிவரப் பிரிவில் வேலை. கல்யாணமாகி அப்போது ஆறு மாதம். இருபத்தேழாம் படிவத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. “இங்க பாருங்களேன். முதல்ல நாலும் இருக்குன்னு சொல்லியிருக்கு இந்தம்மா. செத்த பிள்ளைய வாய்விட்டுச் சொல்ல மனசு வரல போல. அப்புறந்தான் சொல்லியிருக்கு” என்று சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சராசரி “ம்” என்றார். அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும். ‘இறந்த குழந்தையைக் குறிப்பிடும் முன் தாய்மார்கள் தயங்கினர், முதலில் சொன்ன எண்ணைப் பிறகு திருத்தினர்’ என்று கட்டுரையில் ஒரு வரி சேர்த்தார். உலகம் மேற்கோள் காட்டியது அந்த வரியைத்தான். அதற்காகத்தான் பரிசு, அதற்காகத்தான் பதவி, அதற்காகத்தான் மூன்றாம் மாடியில் ஜன்னல் உள்ள அறை.

ஒன்பது வருடம் கழித்து அவர்கள் வந்து உட்கார்ந்ததும், முதல் வாரம் எல்லாத் துறையும் சந்தோஷமாக இருந்தது. மாதிரிகள் தாமே நடந்து வருவது அடிக்கடி நடப்பதில்லை. மண் நிபுணர் அவர்களுடைய பாதத் தூசியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர் மண்ணும் இல்லை என்றார். பூச்சிக்காரர் ஒரு கொசுகூட அவர்களைக் கடிக்கவில்லை என்று குறித்துக்கொண்டார். வேதியியல் பிரிவில் வியர்வையைச் சோதித்தபோது நீல மை என்று வந்தது, சிலருக்குக் கறுப்பு. என்ன உடை உடுத்தியிருந்தார்கள் என்பது திரும்பிய நொடியே யாருக்கும் நினைவில்லை, ஏனென்றால் படிவத்தில் உடைக்குக் கேள்வி இல்லை. கடைசியாக மொழித் துறைப் பெண்மணி ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து நாற்பத்துமூன்று பேரிடமும் பேசினார். மாலையில் கருவியை அணைத்துவிட்டு, சராசரியின் அறையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை பேரும் பேசும் முன் ஒரே மாதிரி செருமினார்கள். அத்தனை பேரும் ‘அதாவது வந்து’ என்றே தொடங்கினார்கள். அந்தச் செருமலைப் பதினைந்து வருடமாகக் கூட்டந்தோறும் கேட்டவர்கள் நிலையத்தில் அறுபது பேர் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த நாள் மீன் துறைக்காரர் தன் தொட்டிக்குள் ஏழு மீன் கூடுதலாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தார். பூச்சிக்காரர் அலமாரியைப் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துப் போனார். யாருக்கு எந்தப் பக்கம் அரிக்கிறது என்பது அவரவருக்குத்தான் தெரியும்.

நாற்பத்திரண்டு பேருக்குப் பெரிதாகக் குறை எதுவும் இல்லை. தங்களைக் கேட்ட கேள்விகளுக்கு முடிவு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள். இருபத்தேழு மட்டும் சராசரி அறையைவிட்டு வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நின்றாள்.

“அதாவது வந்து... சார், நாலும் இருந்துச்சு சார். நீங்க டீ குடிச்சீங்க. அப்புறம் மூணுதான் இருந்துச்சு.”

“அம்மா, அது ஒரு... ஆய்வுக்காக...”

“அது ஆம்பளப் பிள்ளயா பொம்பளப் பிள்ளயா சார்? எனக்கு நெனச்சு அழக்கூட ஒரு முகம் இல்ல. அத மறுபடி பூஜ்யம் ஆக்கிடுங்க. ஒரு கோடுதானே?”

அந்த ஒரு கோட்டை எடுத்தால் எல்லை இடியும், எல்லை இடிந்தால் கட்டுரை, கட்டுரையோடு பரிசு, பதவி, ஜன்னல், முகம். இயக்குநர் விஷயத்தை ஒரே பார்வையில் எடை போட்டு, பேரம் பேசிப் பார்த்தார். வீட்டுக் கூரையை ஓலையிலிருந்து ஓடாக மாற்றிவிடலாம், அது முடிவை அசைக்காது என்றார். படிப்பை ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாக்கலாம், இரண்டு ஆடும் சேர்த்துத் தரலாம் என்றார். “ஆடெல்லாம் வேணாங்க” என்றாள் இருபத்தேழு. இயக்குநர் சராசரியைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒரு பிள்ளைதானே சார்? அதுவும் இல்லாத பிள்ளை. உட்கார்ந்து உட்கார்ந்து அவங்களே போயிருவாங்க, விடுங்க” என்றார்.

மனைவி மூன்றாம் மாடிக்கு வந்தது இரண்டாம் வாரத்தில். வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தவள், இருபத்தேழின் முன்னால் நின்றாள். ஒன்பது வருடமாக மனதுக்குள் வைத்திருந்த ஆளை அடையாளம் காண அவளுக்கு எண் தேவைப்படவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள், விட்டபோது உள்ளங்கையில் நீல மை ஒட்டியிருந்தது. அன்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டை வைத்தபடியே கேட்டாள்.

“நான் அழுதப்ப நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?”

“ஆமா.”

“என் கண்ணீர எடுத்துக் கட்டுரையில வேற போட்டுக்கிட்டீங்க.”

அவர் செருமினார். “அதாவது வந்து...”

“வேணாம். அத நான் மாடியில நாப்பத்துமூணு பேர்கிட்ட கேட்டுட்டுத்தான் வர்றேன்.”

அதன்பிறகு அவள் சண்டை போடவில்லை. உப்பு, வாடகை, மின்கட்டணம் என்று வீட்டுக்குத் தேவையானதைப் பேசினாள். மதிய இடைவேளையில் மட்டும் சாப்பாட்டு டப்பாவோடு மூன்றாம் மாடிக்குப் போய் இருபத்தேழின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்படி நான்கு வருடம் போயிற்று. நிலையம் நடைவழியில் பெஞ்சுகள் போட்டுக்கொடுத்தது. தணிக்கைக்கு வந்தவர்கள் அந்த நாற்பத்துமூன்று பேரைத் தளவாடங்களோடு சேர்த்து எண்ணினார்கள். சராசரி பின்பக்க இரும்புப் படிக்கட்டைப் பழக்கிக்கொண்டார். மழையில் வழுக்கி இரண்டு முறை முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். கூட்டங்களில் செருமல் வந்தால் விழுங்கினார். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கள ஆய்வில் நேர்மை என்று வருடந்தோறும் அவர்தான் வகுப்பெடுக்க வேண்டியிருந்தது. முன்வரிசையில் யாராவது தலையாட்டினால் அவருக்குக் காது மடல் சுட்டது.

ஐந்தாம் வருடம் ஒரு நாள் இரும்புப் படிக்கட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் நடைவழியே வந்தார். நாற்பத்துமூன்று பேரையும் கடக்க வேண்டும். இருபத்தேழு எழுந்து நிற்பாள், கேட்பாள், அதற்குச் சொல்ல ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டுதான் வந்தார். அவள் எழுந்திருக்கவில்லை. கேட்கவும் இல்லை. சார் தடுக்கிவிடக் கூடாதே என்று நீட்டியிருந்த காலை மடக்கி வழிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. சராசரி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தாமலே அலமாரியைத் திறந்து, படிவத்தை எடுத்து, செங்குத்துக் கோட்டை அடித்துப் பூஜ்யம் போட்டார், மூன்றை நான்காக்கினார். இந்த முறை இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். ஆய்விதழுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினார். மழை, ஜீப் எதையும் சொல்லவில்லை. ‘நாற்பத்துமூன்று பேரை நான் கேட்கவில்லை, நானே எழுதினேன்’ என்று இருந்தது. அந்தத் தயங்கிய தாய்மார்கள் வரியைத் தனியாகக் குறிப்பிட்டு, அது தன் மனைவி சொன்னது, அவள் நம்பிச் சொன்னது என்றும் எழுதியிருந்தார்.

கட்டுரை வாபஸ் என்ற அறிவிப்பு, கெண்டை மீனின் வளர்ச்சிக்கும் கரையானின் செரிமானத்துக்கும் நடுவில் ஐந்து வரியில் வந்தது. பரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஜன்னலும் போயிற்று, கீழே ஆவண அறையில் பழைய படிவங்களை அடுக்கும் வேலை கொடுத்தார்கள். இனிமேலாவது நடைவழி காலியாகும் என்று இயக்குநர் எதிர்பார்த்தார். ஒருவரும் போகவில்லை. எழுதியதை அடிக்கலாம், வந்து உட்கார்ந்தவர்களை என்ன செய்வது?

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு ஒரு சிறுமி படியேறி வந்தாள். அவள் வயதைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை என்பதால் பார்க்கிறவர்களுக்குத் தகுந்தபடி ஆறாகவும் ஒன்பதாகவும் தெரிந்தாள். நேராகப் போய் இருபத்தேழின் மடியில் உட்கார்ந்து, சாருக்குச் சொல்லியனுப்பினாள். சராசரி கையில் தூசியோடு முன்படிக்கட்டு வழியாகவே ஏறி வந்தார். பக்கத்தில் மனைவி டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

சிறுமி தொண்டையைச் செருமினாள். “அதாவது வந்து... நான் எதனால செத்துப்போனேன்?”

காய்ச்சல், கெட்ட தண்ணீர் என்று முப்பது காரணம் அவருக்கு மனப்பாடம். “எனக்கு ஒண்ணு குறைஞ்சுதும்மா” என்றார்.

“இப்பவும் குறையுதா?”

“ஆமா. குறையுது.”

“சரி” என்று சொல்லிவிட்டு அவள் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். மனைவி தன் பங்கில் பாதியை மூடியில் வைத்து அவளுக்குக் கொடுத்தாள். சராசரிக்கு உட்கார இடம் இருந்தது, அவர் உட்காரவில்லை.

அதற்குள் காவலாளி மேலே வந்து, அன்றைய பக்கத்தில் நாற்பத்துமூன்று என்றிருந்ததை அடித்து நாற்பத்துநான்கு என்று எழுதி, பதிவேட்டையும் பேனாவையும் சராசரியிடம் நீட்டினார்.

“திருத்தம் சார். பக்கத்துல ஒரு கையெழுத்து.”

சராசரி போட்டார்.