பாத்திக்குக் கழுத்து வெட்டிய ஞாயிறு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு கட்டில் போடுமளவுக்கு வெறும் மண் இருக்கிறது. திருப்பூர் மண்ணரையில் வாடகைக்குக் குடியிருப்பவளுக்கு இது கிடைப்பதே பெரிது. எங்கள் ஓனர் ரத்தினசாமி அண்ணனுக்கோ அது கண்ணை உறுத்தியது. போன கோடையில் போர்வெல் தண்ணீர் வற்றி நான் வைத்ததெல்லாம் காய்ந்துபோனதைப் பார்த்தவர், அங்கே சிமெண்ட் தளம் போட்டு வண்டி நிறுத்துவதென்று முடிவே கட்டிவிட்டார்.

“சும்மா கெடக்குற எடந்தானே அம்மணி?” என்றார்.

“சும்மா கெடக்கலீங்ணா. மாசிப் பட்டத்துக்கு வெதைக்கப் போறேன். மாசி முடியறதுக்குள்ள பச்சை தெரியலீன்னா நீங்க சிமெண்ட் போட்டுக்கங்க.”

வாயைக் கொடுத்துவிட்டேன்தான், ஆனால் பயமில்லை. பகல் முழுக்கக் கம்பெனியில் டியூப்லைட்டுக்குக் கீழே நின்று பனியனில் ஓட்டையும் கறையும் தேடுகிறவள் நான். வீட்டுக்கு வந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பார்க்க எனக்கென்று இருப்பது அந்த மண் ஒன்றுதான். அதை விட்டுத்தர எனக்கு மனசில்லை.

கொத்த ஆரம்பித்தால் உள்ளேயிருந்து எலாஸ்டிக்கும் பட்டனும் லேபிளும் வந்தன. மண்ணுக்கு அடியிலும் எவனோ கம்பெனி நடத்துகிறான் என்று திட்டிக்கொண்டே பொறுக்கினேன். மக்கிய சாணியும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, பாத்தி பிடித்து, தட்டப்பயறும் வெண்டையும் ஊன்றினேன். வெயில் ஏற ஏற மேல்மண் காயுமே என்பதுதான் கவலை. என் கணவர் ரஷீத் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். “கட்டிங்ல மிஞ்சுற பிட்டுத் துணி கொஞ்சம் கொண்டாந்து மேல விரிச்சு உடுங்க, ஈரம் நிக்கட்டும்” என்று அவரிடம் சொல்லிவிட்டு ஷிப்மெண்ட் அவசரத்துக்கு ஓடினேன்.

கட்டிங் மாஸ்டரிடம் துணி விரிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். வெள்ளைக் காட்டன் துணியைச் சுருக்கமில்லாமல் நீவி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, வெட்டுவதற்குக் கட்டிங் டேபிளில் போடுவதுபோலவே அடுக்குமேல் அடுக்காகப் போட்டுவைத்திருந்தார். காற்றுக்குத் தூக்காமலிருக்க நாலு பக்கமும் கல். பார்க்க அவ்வளவு நேர்த்தி. அதைக் கலைக்க மனம் வராமல் நானும் தினமும் மேலேயே தண்ணீர் தெளித்தேன். நாள் போனதே தவிர ஓர் இலையும் தலைகாட்டவில்லை.

மாசியின் கடைசி ஞாயிறு சாயங்காலம் ரத்தினசாமி அண்ணன் வந்துவிட்டார். கூடவே அளவு டேப்போடு கொத்தனார் கன்னையன்.

“அட, தளம் நீங்களே போட்டுட்டீங்களாட்டம் இருக்குது!” என்று சிரித்தார் அண்ணன்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. குனிந்து ஒரு மூலையைப் பிடித்து மொத்த அடுக்கையும் தூக்கினேன். அடியில் முளைகள்! பாத்தி நிறைய முளைகள். வெளிச்சம் தேடி வளைந்து, வெளிறிப்போய், துணியை முட்டிக்கொண்டு கிடந்தன. சந்தோஷமும் கோபமும் ஒன்றாக வந்தன.

“நான் உங்களைத் துணி விரிக்கச் சொன்னனா, ஆர்டருக்கு அடுக்கச் சொன்னனா?” என்று ரஷீதைப் பார்த்துக் கத்தினேன். நோன்பு நேரம் என்பதால் அதோடு விட்டேன்.

அவர் முகம் தொங்கிப்போனது. “சுருக்கம் இருந்தா எனக்குக் கை கூசுது நூர்ஜான்” என்றார்.

“இது பச்சை இல்லையே அம்மணி, மஞ்சளால்ல இருக்குது?” என்றார் ரத்தினசாமி அண்ணன்.

“வேர் புடிச்சிருச்சுங்ணா. வெளிச்சம் பட்டா தானா பச்சையாயிரும், பாருங்க.” என் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. ரஷீத் பக்கம் திரும்பினேன். “மொத்தமா எடுத்தா நாளைக்கு வெயில்ல கருகிரும். ஒத்தைத் துணி மட்டும் இருக்கட்டும். ஒவ்வொண்ணுக்கும் ஓட்டை போடுங்க.”

அவருக்கு உயிர் வந்துவிட்டது. சாக்பீஸும் கத்தரியும் எடுத்துவந்தார். மற்ற அடுக்குகளை உருவிவிட்டு, முளை முட்டும் இடமெல்லாம் குறி போட்டு, வட்டக் கழுத்து வெட்டினார். குழந்தைக்குப் பனியன் மாட்டும்போது தலையை வெளியே எடுப்போமே, அப்படி ஒவ்வொன்றாக நான் எடுத்துவிட்டேன்.

ரத்தினசாமி அண்ணன் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைத் துணி கம்பெனி நடத்தி ஓய்ந்தவர் அவர். அவரால் எவ்வளவு நேரம் சும்மா நிற்க முடியும்?

“ரஷீது, கழுத்துப் பத்தாது. தலை மாட்டுது பாரு. இன்னும் கொஞ்சம் எறக்கி வெட்டு.”

ரஷீத் இறக்கி வெட்டினார். அண்ணனுக்கு அதுவும் திருப்தியில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். ஒரு தட்டப்பயறு முளையை இரண்டு விரலால் பிடித்து, இலை கிழியாமல் பதமாக வெளியே எடுத்துவிட்டார். அடுத்ததுக்கு நகர்ந்தார். அதற்கும் அடுத்ததுக்கு.

கன்னையன் டேப்பை நீட்டிக்கொண்டு பாத்திக்குள் ஓர் அடி வைக்கப் போனார். “ஏனுங்க, எங்கிருந்துங்க அளக்கறது?”

ரத்தினசாமி அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அட, காலைப் பாத்து வைய்யி கன்னையா! கீழ பயிரு நிக்குதல்ல!”