ஸ்டெப்னியில் ஏறிய குரல்

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்யும் பெண்ணுக்குப் பேச்சுக்குரல் தொண்டையில் இருந்தது, பாட்டுக்குரல் சமையலறையில் இருந்தது. கல்யாணமாகி வந்த முதல் வாரம், பால் பொங்கி வழிந்த பதற்றத்தில் அவள் பாதியில் விட்ட ஒரு பாட்டு பரண்மேல் போய்த் தங்கிவிட்டது. அன்றுமுதல் அடுப்பு முன்னால் நின்று அவள் வாயைத் திறந்தால் பாட்டு பரணிலிருந்து வரும். வாசலைத் தாண்டினால் மூச்சுதான் வரும். வீட்டில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. தலைக்குமேல் பாட்டுக் கேட்டால்தான் குழம்பில் உப்பு சரியாக விழுகிறது என்பது மாமியாரின் அனுபவம். புருஷன் பஞ்சர் கடை வைத்திருந்தார். காலையிலிருந்து இரவு வரை டயருக்குக் காற்றடிப்பவர் என்பதால் தெருவில் அவருக்குக் காத்து என்றே பெயர்.

ஃப்ரிட்ஜைச் சரிசெய்ய வந்தவர் ஒருநாள் இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, வந்த வேலையை மறந்து, செல்போனில் பதிவு செய்துகொண்டு போனார். அது கை மாறி, ஊர் மாறி, திறந்தவெளி இசைவிழா நடத்துகிறவர்களின் காதில் விழுந்தது. மலைமேல் ஒரு புல்வெளியில், வற்றிய ஏரி ஒன்றில், கைவிட்ட கல்குவாரியில் என்று அடுத்தடுத்து மூன்று விழாக்களுக்கு அழைப்பு வந்தது. மூன்று இடத்துக்கும் பஸ் கிடையாது. அவளோ இத்தனை வருடமாக மற்றவர்கள் போகிற ஊர்ப் பெயர்களையே மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தவள். தன் பெயரை யாரோ மைக்கில் சொல்லப்போகிறார்கள் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் பரண் ஞாபகத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவள் தங்கை பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், ஒற்றைக்காலில் நின்றாள். லீவில் வேன் சும்மாதான் நிற்கிறது, போயே தீரவேண்டும் என்றாள். சீட்டுகளைக் கழற்றிப் பஞ்சர் கடைக்குப் பின்னால் அடுக்கினார்கள். மெத்தை, கூடாரம், கேஸ் அடுப்பு, தண்ணீர்க் கேன்கள், மழைக்கோட்டு, கொசுவலை எல்லாம் ஏறின. எல்லாம் ஏறின பிறகும் குரல் ஏறவில்லை. முதலில் அதைக் குக்கரில் பிடிக்கப் பார்த்தார்கள். மூன்றாவது விசிலில் உச்ச ஸ்வரம் ஒன்று ஜன்னல் வழியாகத் தப்பி எதிர்வீட்டுக் கதவில் புகுந்துகொண்டது. அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் அந்த ஸ்வரத்தைப் பாடியது. அவளுக்கு அது அதோடு போயிற்று. மீதியும் இப்படிக் கசிந்தால் வீட்டுக்குள்ளும் பாட்டு இருக்காது என்பது எல்லோருக்கும் புரிந்தது. போகவே வேண்டாம் என்று அவளே சொன்னாள். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பே இல்லை.

காத்து இரண்டு நாள் கடையில் காற்றடித்தபடியே யோசித்தார். மூன்றாம் நாள் கடையிலிருந்து கம்ப்ரசரை உருட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியை அடைத்து, அவளை அடுப்பு முன்னால் நிறுத்திப் பாடச் சொல்லி, அறையின் காற்று மொத்தத்தையும் உறிஞ்சி வேனின் ஸ்டெப்னி டயருக்குள் ஏற்றினார். மூச்சுமுட்டி அவள் வெளியே ஓடிவந்தபோது பரண் வெறும் பரணாக இருந்தது. டயரைத் தட்டினார்கள், அது நல்ல சுருதியில் முனகியது. பாட்டில்லாத வீட்டில் தனக்கு என்ன வேலை என்று மாமியாரும் பெட்டியைக் கட்டினார். அவருடைய சாய்வு நாற்காலிக்கு இடம்விட, இரண்டாவது ஸ்டெப்னியை இறக்கவேண்டியதாயிற்று. சர்க்கரை டப்பாவுக்குள் எறும்பு வராமலிருக்கக்கூட வழி செய்த காத்து, பஞ்சர் ஒட்டும் பெட்டியை மட்டும் எடுத்துவைக்கவில்லை. கையை நீட்டினால் அது எப்போதும் பக்கத்தில் இருக்கும் என்பது அவருடைய வாழ்நாள் பழக்கம்.

முதல் விழாவுக்கு இன்னும் ஒரு மலையேற்றமே பாக்கி இருந்தது. சரளைக் கல் பாதையில் பின்பக்க டயர் வெடித்தது. காத்து இறங்கினார், வழக்கம்போலக் கையை நீட்டினார், நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஊர் டயருக்கெல்லாம் ஒட்டுப்போட்ட மகனைப் பெற்றதற்கு இந்தப் பொட்டல் மலையில் உட்காரவேண்டியிருக்கிறதே என்று மாமியார் நாற்காலியில் சாய்ந்தபடி வானத்திடம் முறையிட்டார். ஆள் நடமாட்டம் இல்லை. கைவசம் இருந்த ஒரே மாற்று டயருக்குள் அவளுடைய குரல் இருந்தது.

அவள் இறங்கிப்போய் அந்த டயர்மேல் கையை வைத்துப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது.

"மாட்டுங்க," என்றாள்.

"வேண்டாம்மா. இந்தக் கல்லுல அது தேஞ்சு போயிடும். வெடிச்சா ஒண்ணும் மிஞ்சாது," என்றார் காத்து.

"தேஞ்சா தேயட்டும்ங்க. பரண்ல பத்திரமாத்தான் இருந்துச்சு, யாரு கேட்டா?"

"ஏன், நான் கேட்டேனே," என்றார் மாமியார். பிறகு அவரே மகனைப் பார்த்து, "மாட்டுடா," என்றார்.

காத்து மாட்டினார். வண்டி உருண்டதும் டயர் பாட ஆரம்பித்தது. ஏற்றத்தில் பாட்டு மெதுவாக இழுத்தது, சமதரையில் துள்ளியது, கல்லில் ஏறும் இடங்களில் எந்த வாத்தியாரும் சொல்லித்தராத கமகங்கள் விழுந்தன. ஆடு மேய்த்தவர்கள் பாதையோரம் வந்து நின்றார்கள். பின்னால் வந்த கார்கள் முந்தவில்லை. வழிநெடுகத் தன் குரலை முதல்முறையாக வெட்டவெளியில் கேட்டுக்கொண்டு அவள் கன்னத்தில் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தாள். புல்வெளியில் மேடையேறியிருந்தவர்கள் வாத்தியத்தைக் கீழே வைத்தார்கள். கூடாரங்களிலிருந்து ஜனங்கள் எழுந்துவந்து, வண்டி வளைவில் தெரிவதற்கு முன்பே பாதையின் இரண்டு பக்கமும் கூடிவிட்டார்கள். மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள். தப்பில்லாமல், இரண்டு தடவை, அவள் பஸ்களுக்குச் சொல்வதுபோலவே சொன்னார்கள்.

வேனை மேடையருகே நிறுத்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, காத்து சக்கரத்தைக் கையால் சுற்ற ஏற்பாடாயிற்று. அவள் வேண்டாம் என்றாள். குனிந்து வால்வைத் தானே அழுத்தினாள். காத்து கண்ணை மூடிக்கொண்டார். காற்று சீறி வெளியேறியது, டயர் சப்பையாயிற்று, மலையில் சத்தமே இல்லை. அவள் நிமிர்ந்து வாயைத் திறந்தாள். அடைத்துவைக்கச் சுவர் எதுவும் இல்லாததால் குரல் எங்கும் போய் ஒட்டவில்லை. நேராக அவள் தொண்டைக்கு வந்தது. இருட்டும்வரை பாடினாள். புல்லில் உட்கார்ந்து கேட்டவர்கள் எழுந்திருக்கவில்லை. மாமியார் நாற்காலியை விட்டு எழுந்து, கடைசிவரை நின்றுகொண்டே கேட்டார்.

காத்து விழாக்காரர்களிடம் ஒட்டுப் பெட்டி இரவல் வாங்கினார், அவர்கள் சிரித்ததைக் கண்டுகொள்ளவில்லை. மற்ற இரண்டு விழாக்களும் இதைவிடப் பிரமாதமாக நடந்தன. அவள் இப்போதும் காலையில் அறிவிப்பு வேலைக்குப் போகிறாள்; பஸ் தாமதமானால் பாடுகிறாள், பயணிகள் தாமதத்தைக் குறை சொல்வதில்லை. சமையலறையில் மட்டும் குரல் வருவதில்லை என்பதால் மாமியார் அடுப்பைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றிவிட்டார். உச்ச ஸ்வரத்தை எதிர்வீட்டுக்காரர் திருப்பிக் கொடுக்கவில்லை. அவள் தெருவில் பாடும்போது அந்த இடம் வந்தால் கதவைத் திறந்துவிடுகிறார். அடுத்த வருடப் பயணத்துக்கு வேனில் முதலில் ஏறியது பஞ்சர் ஒட்டும் பெட்டி. ஸ்டெப்னிகள் இரண்டையும் காத்து தன் கையாலேயே நிரப்பினார். இரண்டிலும் வெறும் காற்றுதான் இருந்தது.