ஹரோல்டின் கவசப்படை

"உன் மண்டையில இன்னா இருக்குது சாப், சயனைட் மண்ணா?" ஹரோல்ட் மேசையைக் குத்தினார். டீ கிளாஸ் கவிழ்ந்தது.

"கொரலைக் கொறைய்யா ஹவில்தார். நீ பேசறது நாயிப் சுபேதார்கிட்ட."

"ரிட்டையராயி எத்தினி வருசம் ஆச்சு!"

"பென்ஷன் இன்னும் அந்த ராங்க்லதானே வருது?" என்றார் சம்பங்கி.

மூடிக்கிடக்கும் தங்கச் சுரங்கத்தின் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் இது எழுதாத சட்டம். பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்குள் தகராறு வந்தால் பெரிய ராங்க்காரர் சொன்னதே முடிவு. சர்ச் கமிட்டி, கோயில் கமிட்டி எல்லாம் அதற்கப்புறம்தான். சம்பங்கி காலாட்படை. ஹரோல்ட் அதே டிவிஷனில் கவச வண்டி ஓட்டியவர். எதிரெதிர் வீடு. இவர்கள் கத்தாத நாளில் தெருவுக்குச் சாப்பாடு இறங்காது.

அன்றைக்கு மட்டும் சண்டைக்கு நியாயமான காரணம் இருந்தது. துரை என்கிற பழைய இரும்பு வியாபாரியின் ஆட்கள் பட்டப்பகலில் லாரியோடு வந்து, சுரங்கக் கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைட் மேட்டுக்குப் பின்னால் ஓடும் குடிதண்ணீர்க் குழாயைத் தோண்டி அறுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாதி லைன் வீடுகளுக்குத் தண்ணீர் இல்லை. புகார் கொடுத்தும் லாரி வருவது நிற்கவில்லை. ஆகவே லைன்காரர்கள் தாங்களே படை திரட்டினார்கள். நடக்க ஆள் ஏராளம். வண்டி என்று பார்த்தால், ஹரோல்டின் ஒரே மகன் ஃப்ரெடியின் பிக்கப், சில ஆட்டோக்கள், பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பையன்களின் பைக்குகள்.

பிக்கப்புக்கு ஹரோல்ட் தன் கையாலேயே கவசம் பூட்டியிருந்தார். பழைய கூரைத் தகரத்தைக் கதவுகளின் மேலேயே வைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்கி இறுக்கினார். முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அங்கேயும் தகரம், பார்க்க மட்டும் ஒரு சந்து. அவர் மனைவி மரியகுழந்தை சுற்றிவந்து பார்த்துவிட்டு, "கோழிக்கூண்டு ஜோரா இருக்குது" என்றாள்.

இப்போது தகராறு, வண்டிகளை எப்படிப் பிரிப்பது என்பதில்.

"நடக்கிற ஒவ்வொரு கும்பலுக்கும் ஒரு வண்டி குடு சாப். நடக்கிறவன் வேகத்துல வண்டி போவணும். பக்கத்துல ஆள் இல்லாத வண்டி குருட்டு எருமை. எவன் எங்கேருந்து வர்றான்னே தெரியாது."

"எல்லா வண்டியும் ஒரே கொத்தா முன்னால போவட்டும். பூந்து அடிங்க. நாங்க பின்னால வந்து வாரிக்கினு போறோம்." சம்பங்கி குரலை இறக்கினார். "யோவ், பிரிச்சுக் குடுத்தா அந்தந்த கும்பல் லீடர் சொன்னபடிதான் வண்டி ஓடும். உனக்கு இன்னா மிச்சம், ஒரு விசிலா? ஒண்ணா வச்சா நீதான்யா கமாண்டர்."

ஹரோல்ட் ஆயுசு முழுக்க ஓட்டியவர். உத்தரவு போட்டதெல்லாம் வண்டிக்கு மேலே தலையை நீட்டி நின்ற வேறு ஆட்கள். மீசையைத் தடவினார்.

"அப்பிடியும் ஒரு முறை இருக்குது" என்றார்.

ஹரோல்ட் ஏன் கட்சி மாறினார் என்று தெருவுக்குப் புரிந்தது. வெளிப்படையாக யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாரி வந்ததும் படை கிளம்பியது. ஃப்ரெடி ஓட்ட, பிக்கப்பின் பின்னால் ஹரோல்ட் கடப்பாரையைப் பிடித்தபடி நின்றார், குடியரசு தின அணிவகுப்பு மாதிரி. ஆட்டோக்களும் பைக்குகளும் ஊளையிட்டுக்கொண்டு தொடர்ந்தன. மேட்டைச் சுற்றித் திரும்பும்போது அவர் பின்னால் பார்த்தார். நடந்து வந்தவர்கள் தூரத்தில் எறும்பாகத் தெரிந்தார்கள். நிறுத்தச் சொல்லியிருக்கலாம். "உடுடா, உள்ள உடு!" என்று தகரத்தைத் தட்டினார்.

துரையின் ஆட்கள் முதலில் ஓடத்தான் செய்தார்கள். ஒரு பைக் ஒருவனை இடித்து வீழ்த்தியது. அவன் எழுவதற்குள் ஆட்டோ அவன் முழங்கால்மேல் ஏறி இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் ஹரோல்டுக்குக் கேட்டது. அப்போதுதான் பிக்கப் முக்கி நின்றது.

சயனைட் மேட்டின் அடிவாரம் மழைக்கு அப்புறம் மேலே காய்ந்து உள்ளே கூழாக இருக்கும். நடப்பவனுக்கு முதல் அடியிலேயே காலில் தெரிந்துவிடும். நடப்பவன் ஒருவன்கூட அங்கே இல்லை. முன்சக்கரங்கள் பாதிக்கு மேல் புதைந்தன.

ஓடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் ஆள் வராதது தெரிந்ததும் இருபக்கமும் பிரிந்து வந்தார்கள். கல் மழையில் ஆட்டோக்காரர் ஒருவருக்கு மண்டை பிளந்தது. பைக்குகள் வந்த வழியே பறந்தன. ஹரோல்ட் குதித்து, முதலில் வந்தவன் தாடையில் கடப்பாரையை இறக்கினார். அவன் பற்களைத் துப்பிக்கொண்டு உட்கார்ந்தான். அடுத்தவன் மண்வெட்டிப் பிடியால் அவர் விலாவில் அறைந்தான். மூச்சு நின்றது.

"டாடி! கதவு தொறக்கல டாடி!"

கட்டுக்கம்பி. வெளியிலிருந்து முறுக்கியது. ஃப்ரெடி முன்சந்தில் வலது கையை விட்டுக் கம்பியைத் தேடிக்கொண்டிருந்தான். துரை தானே வந்தான். குழாய் துண்டிக்கிற சம்மட்டியைத் தூக்கி அந்தக் கைமேல் அடித்தான், மறுபடியும் அடித்தான். தகரத்தின்மேல் ரத்தம் தெறித்தது. ஹரோல்ட் தவழ்ந்துபோய் அவன் கெண்டைக்காலைக் கடித்தார். சதை பிய்ந்து வாயில் வந்தது. துரை அலறிக்கொண்டு சம்மட்டியை அவர் தோளில் போட்டான்.

சம்பங்கியின் காலாட்படை மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது லாரி கிளம்பிவிட்டது. துரை அவசரத்தில் விட்டுப்போன, முழங்கால் நொறுங்கிய ஆளை அவர்கள் அடித்த அடியில், அவனுக்கு ஒரு கண் போயிற்று. மண்ணுக்குள் இருந்த குழாயாவது மிஞ்சியது என்று அன்று மாலையே சம்பங்கி வெற்றி அறிவித்தார்.

ஃப்ரெடியின் கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்தவன், "கும்பலுக்கு ஒரு வண்டின்னு பிரிக்கணும்னு நீதானே டாடி சொன்னே?" என்று மட்டும் கேட்டான். ஹரோல்ட் தோள்கட்டைச் சரிசெய்துகொண்டார். அதற்கப்புறம் மகன் அவரிடம் பேசவேயில்லை. மரியகுழந்தை மட்டும் தினமும், சோறு போடும்போது, "கமாண்டர் சாப், இன்னும் கொஞ்சம் குழம்பு?" என்பாள்.

துரை கேஸில் உள்ளே போனான், ஜாமீனில் வெளியே வந்தான், இப்போது ஆந்திரா பக்கம் போய்விட்டான், நொண்டிக்கொண்டு. சம்பங்கி மகள் மமதாவோடு மைசூருக்குப் போனார். அங்கே அவரைவிடப் பெரிய ராங்க்காரர்கள் தெருவுக்கு நாலு பேர் என்று கேள்வி. ஆஸ்பத்திரி கேன்டீனில் ஃப்ரெடிக்கு இட்லி பிட்டுக் கொடுத்த, பக்கத்துக் கோரமண்டல் லைன் பெண் நிக்கோல், வீட்டார் கத்தக் கத்த அவனையே கட்டிக்கொண்டாள். கல்யாணத்தில் ஹரோல்ட் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மறுவாரம் இருவரும் ஓசூருக்குக் குடிபோனார்கள். மரியகுழந்தையும் கூடவே போய்விட்டாள்.