அடுத்தவங்க பிரஷர்

பஸ் டிப்போவுக்கு வந்த புதுக் கருவியை விரலில் மாட்டினால், பச்சை விளக்கு எரிந்து அடுத்தவருடைய ரத்த அழுத்தத்தைக் காட்டும். கருவி மேல் குற்றமில்லை. ஒவ்வொருவர் விரலில் மாட்டும்போதும் சிஸ்டர் ஜெசிந்தா "அடுத்தவங்க" என்று கூப்பிட்டார். அது சொன்ன பேச்சைக் கேட்டது, அவ்வளவுதான்.

கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க இன்ஜினியர் தணிகைவேல் வந்திருந்தார். ஒருவர் விரலில் வந்த எண்ணை எழுதிக்கொள்வார். பிறகு அவருக்குப் பின்னால் நிற்பவர் கையில் பழைய பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்ப்பார். எண்பத்து நான்கு பேர் வரை இம்மியும் பிசகவில்லை.

கடைசி ஆள் டிரைவர் உலகநாதன். தகுதிச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது, கேட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். இருபத்தாறு வருஷம் 14B ஓட்டியவர் அவர். விரலை நீட்டினார். 120/80 என்று வந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

"சர்டிபிகேட் எழுதிருங்க சார்."

"இது உங்களுது இல்லைங்க," என்றார் தணிகைவேல். "அடுத்தவரோடது."

உலகநாதன் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் இருந்தது. தணிகைவேல் அதன் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். 120/80.

"அப்ப என்னோடது?"

"முன்னாடி நின்ன சோலையப்பன் விரல்ல வந்துச்சே. 176/104."

யாரோ விரலை நீட்ட, தன் வேலை போவது எந்த ஊர் நியாயம் என்று உலகநாதனுக்கு விளங்கவில்லை.

"நான் வேணா நாற்காலிக்குப் பின்னாடி நிக்கட்டுமா?"

"அப்ப நாற்காலி விரலை நீட்டணுமேண்ணே," என்றார் ஜெசிந்தா. "அதுக்கு ஏது விரல்?"

அதுவும் வாஸ்தவமாகத்தான் பட்டது. சான்றிதழை நாற்காலி பேருக்கு எழுதினார்கள்.

மறுநாள் காலை 14B நேரத்துக்குக் கிளம்பியது. உலகநாதன் கேட்டைத் திறந்துவிட்டார்.

"பிரேக் போட்டா இடது பக்கம் இழுக்கும். பார்த்துப் போப்பா," என்றார். கண்டக்டர் சோலையப்பன் டபுள் விசில் கொடுத்தார்.

எட்டு மணிக்கெல்லாம் கால் கடுத்தது. உட்கார ஒரு நாற்காலி கிடைக்குமா என்று ஆபீசில் போய்க் கேட்டார்.

"இருந்தது ஒண்ணுதாண்ணே," என்றார் கிளார்க். "பன்னிரண்டரைக்கு டிரிப் முடிச்சு வந்துரும்."

உலகநாதன் சரி என்று சொல்லிவிட்டு, வந்து கேட்டருகே நின்றார்.